மரத் தண்டு கோல்ஃப் கிளப்புக்கு மீண்டும் மவுசு: நகல் செய்வது தப்பா, தேவையா?

1923ஆம் ஆண்டு. நியூயார்க் அருகே லாங் ஐலண்ட். 21 வயது பாபி ஜோன்ஸ் தூரத்தில் இருந்து பந்தை அருமையாக அடிக்கிறார். குழிக்குப் பக்கத்தில் வந்ததும் தடுமாறுகிறார். அவருடைய பயிற்சியாளரின் சகோதரர், தன்னிடம் இருந்த ஒரு பழைய ‘பட்டர்’ கிளப்பை எடுத்து நீட்டுகிறார். பந்தைக் குழிக்குள் உருட்டிவிடுவதற்கான கிளப் அது. அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: ‘கலாமிட்டி ஜேன்’. அந்த ஆண்டே யுஎஸ் ஓபன் பட்டம் ஜோன்ஸ் கைக்கு வந்தது.

கதை இதோடு முடியவில்லை. அந்தக் கிளப்பின் இரும்புத் தலையில் துரு ஏறும். தேய்த்து எடுப்பார்கள். மறுபடியும் ஏறும், மறுபடியும் தேய்ப்பார்கள். கடைசியில் அதன் முகப்பே தேய்ந்துபோனது. என்ன செய்வது? அச்சு அசலாக ஒரு நகல் செய்யப்பட்டது. ஜோன்ஸ் வாழ்நாளில் வென்ற 13 பெரிய பட்டங்களில் கடைசி 10 பட்டங்கள் அந்த நகலை வைத்து வென்றவை. 1930இல் ஒரே ஆண்டில் 4 பெரிய பட்டங்களையும் வென்ற சாதனையும் அதில் அடக்கம்.

இன்று அசல் கிளப் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப்பில் இருக்கிறது. நகலோ அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் (யுஎஸ்ஜிஏ) அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நகலே பொக்கிஷம் ஆகிவிட்டது!

இந்தப் பழைய கதையை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. ‘ஹிக்கரி’ எனும் மரத் தண்டு வைத்த பழைய காலத்துக் கிளப்புகளுக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மீண்டும் ஒரு ரசிகர் கூட்டம் உருவாகியிருக்கிறது. கூடவே ஒரு சண்டையும். நூறு வயதுக் கிளப்பை வைத்து ஆடினால்தான் ஹிக்கரி கோல்ஃபா? போன மாதம் பட்டறையில் செய்த நகலை வைத்து ஆடினால் அது வேஷமா?

ஹிக்கரி என்றால் என்ன?

ஹிக்கரி என்பது வால்நட் குடும்பத்தைச் சேர்ந்த மரம். இனிப்புக் கடைகளிலும் கேக்கிலும் பார்க்கும் ‘பீக்கன்’ கொட்டை இதன் சொந்தக்காரர். பெரும்பாலான இனங்கள் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளர்பவை. கடினமான மரம், ஆனால் பொசுக்கென்று உடையாது. அதிர்ச்சியைத் தாங்கும், வளைந்து பழைய நிலைக்குத் திரும்பும். அதனால்தான் கோடரிக் காம்பு, சுத்தியல் பிடி, குதிரை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால், டிரம்ஸ் குச்சி என்று அடி வாங்கும் இடத்தில் எல்லாம் இந்த மரத்தைப் போட்டார்கள்.

ஸ்காட்லாந்தில் அதற்கு முன்பு ஆஷ், ஹேசல் போன்ற உள்ளூர் மரங்களில்தான் கிளப் தண்டுகளைச் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்து இறங்கிய அமெரிக்க ஹிக்கரி, கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தைப் பிடித்தது. இன்று ‘ஸ்காட்லாந்துப் பாரம்பரியம்’ என்று கொண்டாடப்படும் தண்டு, உண்மையில் இறக்குமதிச் சரக்கு!

பந்தின் கதையும் இதே மாதிரிதான். முதலில் தோல் பைக்குள் இறகுகளைத் திணித்துத் தைத்த பந்து. 1848வாக்கில் மலாய் நாட்டு மரப்பாலில் இருந்து கிடைத்த ‘கட்டா பெர்ச்சா’ பந்து. 1898இல் அமெரிக்கர் கோபர்ன் ஹாஸ்கெல் உருவாக்கிய, ரப்பர் நூல் சுற்றிய பந்து. ஒவ்வொரு பந்து மாறும்போதும் கிளப்பின் வடிவமும் மாறியது.

அதாவது, ‘அந்தக் காலத்துக் கோல்ஃப்’ என்று ஒரே ஒரு கோல்ஃப் எப்போதுமே இருந்ததில்லை. இந்தச் சண்டையில் முதலில் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இதுதான்.

எப்படிச் செய்தார்கள்?

ஒரு கிளப்பில் 3 பாகங்கள்: தலை, தண்டு, பிடி. இரும்புத் தலையைக் கொல்லுப் பட்டறையில் அடித்து உருவாக்குவார்கள். அதன் கழுத்துக்குள் மரத் தண்டைச் செருகி, குறுக்கே ஆணி அடித்து இறுக்குவார்கள். மரத் தலை வைத்த கிளப் என்றால், தண்டும் தலையும் சேரும் இடத்தில் மெழுகு நூலை நெருக்கமாகச் சுற்றிக் கட்டுவார்கள். பிடிக்குத் தோல் பட்டை.

மரத் தலைக்குப் பிற்காலத்தில் அதிகம் பயன்பட்டது ‘பெர்சிமன்’ என்ற அமெரிக்க மரம். இதுவும் தமிழர்களுக்குத் தெரிந்த கருங்காலியும் தாவரவியலில் ஒரே பேரினம். உறுதிக்குக் கேட்கவா வேண்டும்!

பட்டறைக்குப் பட்டறை முத்திரை உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரைச் சேர்ந்த டாம் ஸ்டூவர்ட்டின் இரும்புகளில் புகைக் குழாய் முத்திரை இருக்கும். பாபி ஜோன்ஸ் தன் பையில் வைத்திருந்த இரும்புக் கிளப்புகளில் ஸ்டூவர்ட் பட்டறையுடையவை முக்கியமானவை. இன்றும் பழைய பொருள் சந்தையில் அந்தச் சின்னக் குழாயைப் பார்த்தால் சேகரிப்பாளர்களின் கண் விரிந்துவிடும்.

இன்று கிளப்புகளை ‘5 அயர்ன்’, ‘7 அயர்ன்’ என்று எண் சொல்லி அழைக்கிறார்கள். அன்று எண் இல்லை, பெயர்தான். பிராஸி, ஸ்பூன், கிளீக், மேஷி, மேஷி நிப்ளிக், நிப்ளிக். கேட்கவே ஏதோ செல்லப்பிராணிகளின் பெயர் மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கியது. ஒரே மரத்தில் செய்த 2 தண்டுகள்கூட ஒன்றுபோல வளையாது. பத்து, இருபது தண்டுகளை அசைத்துப் பார்த்து, கைக்குச் சரியாக ‘உட்காரும்’ ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே ஒரு கலை. நல்ல கிரிக்கெட் மட்டைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கித் தட்டித் தட்டிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இப்படிப் பொறுக்கிச் சேர்த்த கிளப்புகள் அதிகம் இருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. சிக் எவன்ஸ் 1916இல் யுஎஸ் ஓபனை வென்றபோது அவர் பையில் இருந்தவை வெறும் 7 கிளப்புகள்.

அப்புறம் ஏன் காணாமல் போனது?

ஒரே வார்த்தையில் சொன்னால், எஃகு.

மரத் தண்டுக்கு ஒரு குணம் உண்டு. அது வளைவது மட்டுமல்ல, முறுக்கிக்கொள்ளவும் செய்யும். கிளப்பை வேகமாக வீசினால் தலை ஒரு பக்கம் திரும்பிவிடும். பந்து எங்கேயோ போகும். அதனால் ஹிக்கரி ஆட்டக்காரர்கள் அவசரப்பட மாட்டார்கள். நிதானமாக, தாளகதியில் வீசுவார்கள். எஃகுக் குழாய்த் தண்டு இந்த முறுக்கத்தைப் பெருமளவு குறைத்தது. முழு பலத்தில் வீசலாம், தலை சொன்ன பேச்சைக் கேட்கும்.

தயாரிப்பாளர்களுக்கும் லாபம். காட்டில் நல்ல ஹிக்கரி கிடைப்பது குறைந்துகொண்டே வந்தது. எஃகில் அந்தக் கவலை இல்லை. ஆயிரம் தண்டு செய்தாலும் ஆயிரமும் ஒரே மாதிரி. தேர்ந்த கண்ணும் கையும் வேண்டியதில்லை.

அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924இல் எஃகுத் தண்டை அனுமதித்தது. பிரிட்டனில் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ 1929இல் ஒப்புக்கொண்டது. 1931இல் பில்லி பர்க் எஃகுத் தண்டுடன் யுஎஸ் ஓபனை வென்றார்; அந்தப் போட்டியில் அப்படி வென்ற முதல் ஆள் அவர்தான். ஜானி ஃபிஷர் 1936இல் ஹிக்கரியோடு யுஎஸ் அமெச்சூர் பட்டத்தைத் தட்டிச் சென்றது கடைசி மிச்சம். அதோடு பெரிய பட்டங்களில் ஹிக்கரியின் கதை முடிந்தது.

இதில் ஒரு பக்க விளைவும் உண்டு. ஒரே மாதிரி கிளப்புகளை வரிசையாகச் செய்ய முடிந்ததால், 20க்கும் மேற்பட்ட கிளப்புகளைச் சுமந்து வருபவர்களும் வந்தார்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு கிளப். பைக்குள் இருக்கும் ஒரே கிளப்பை வைத்து 3 விதமாக அடிக்கும் வித்தைக்கு வேலை குறைந்தது. பார்த்துக்கொண்டே இருந்த விதி அமைப்புகள், 14 கிளப்புகளுக்கு மேல் கூடாது என்று 1938இல் அமெரிக்காவிலும் 1939இல் பிரிட்டனிலும் கட்டுப்பாடு போட்டன.

தூக்கிப் போட்டதை மறுபடி எடுப்பது எதுக்கு?

வினைல் ரெக்கார்டு, ஃபிலிம் கேமரா, பவுண்டன் பேனா வரிசையில் இதுவும் ஒரு ரெட்ரோ மோகம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கொஞ்சம் உண்மையும்கூட. தொப்பியும் டையும் முழங்கால் வரையிலான கால்சட்டையும் போட்டுக்கொண்டு புகைப்படம் எடுக்கவே வருபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் இத்தனை ஆண்டு தாங்காது. ஸ்காட்லாந்தில் 2005இல் தொடங்கிய உலக ஹிக்கரி ஓபன் போட்டிக்குப் பெரிய ஆட்டக்காரர்களும் வருகிறார்கள். 1985 பிரிட்டிஷ் ஓபன் சாம்பியன் சாண்டி லைல், 2014இல் இந்தப் பட்டத்தையும் வென்றார். 1874 முதல் 1889 வரை 6 முறை பிரிட்டிஷ் ஓபன் நடந்த பழைய மசல்பரா மைதானத்தில், சுற்றுலா வருபவர்கள் ஹிக்கரி கிளப்புகளை வாடகைக்கு எடுத்து ஆடலாம்.

அவர்களை இழுப்பது ஆட்டத்தின் குணம். நவீன கிளப் தப்பை மன்னிக்கும். தலையின் ஓரத்தில் பட்டாலும் பந்து ஓரளவு நேராகப் போகும். ஹிக்கரி மன்னிக்காது. நடுவில் பட்டால் உள்ளங்கை வரை இனிக்கும். ஓரத்தில் பட்டால் முழங்கை வரை வலிக்கும். 200 கஜம் (சுமார் 183 மீட்டர்) பறந்தாலே சாதாரண ஆட்டக்காரருக்கு அது நல்ல அடி. பலம் குறைந்த இடத்தில் யோசனை கூடுகிறது. எங்கே விழ வைப்பது, எவ்வளவு உருள விடுவது என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

நகல் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் சிக்கல். ஆட ஆசைப்படுபவர்கள் கூடுகிறார்கள். நூறு வயதுக் கிளப்புகள் கூடப்போவதில்லை. இருப்பதிலும் பல உளுத்துப்போனவை, தண்டு கோணியவை, தலை ஆடுபவை. சுவரில் மாட்டலாம், பந்தை அடிக்க முடியாது. நல்ல நிலையில் இருப்பதையும் இன்றைய கெட்டியான பந்தில் ஓங்கி அடித்தால் ஒருநாள் தண்டு ‘படக்’கென்று போய்விடும். போனது போனதுதான்.

இந்த இடைவெளியில்தான் மறுஉருவாக்கக் கிளப்புகள் வந்தன. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டாட் மூர், கென்டக்கியில் லூயிவில் கோல்ஃப், ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோல்ஃப் கம்பெனி போன்றவர்கள் பழைய மாதிரிகளை வைத்துப் புதிய ஹிக்கரி கிளப்புகளைச் செய்து விற்றார்கள்.

வடிவம் பழசு, செய்முறை பாதி புதுசு. கொல்லர் அடித்த தலைக்குப் பதில், அச்சில் வார்த்த தலைகளும் வருகின்றன. பழைய பசைக்குப் பதில் எபாக்ஸி. கடைசல் இயந்திரத்தில் இழைத்த தண்டுகளை எடை பார்த்து, வளைவு அளந்து, ஜோடி சேர்க்கிறார்கள். அந்தக் காலத்துக் கடைக்காரர் கையால் அசைத்துப் பார்த்துச் செய்த வேலையைக் கருவி செய்கிறது.

ஆளாளுக்கு ஒன்றைச் செய்துகொண்டு வந்து நின்றால் போட்டி என்ன ஆகும்? அமெரிக்காவின் ‘சொசைட்டி ஆஃப் ஹிக்கரி கோல்ஃபர்ஸ்’ இதற்கு ஒரு கோடு போட்டது. 1935க்கு முன் செய்த ஹிக்கரி கிளப்புகள் செல்லும். அந்தக் காலத்து வடிவத்தை அப்படியே பின்பற்றிச் செய்து, ஒப்புதல் வாங்கிய நகல்களும் செல்லும். மரத் தண்டு போட்டுவிட்டு, தலையை மட்டும் நவீன உத்தியில் ‘சுலபமாக’ மாற்றினால் செல்லாது.

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

அவர்களின் வாதத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, நியாயம். நூறு வருடம் காய்ந்த தண்டு, நூல் தளர்ந்த கட்டு, கொஞ்சம் ஆடும் தலை ஆகியவற்றோடு ஒருவர் ஆடுகிறார். பக்கத்தில் இன்னொருவர் எபாக்ஸி போட்டு இறுக்கிய, எடை பொருத்திய புத்தம் புது செட்டோடு நிற்கிறார். இரண்டும் ஒரே ஆட்டமா?

இரண்டாவது, கைப்பழக்கம். பழைய கிளப்பை வைத்திருப்பவர் அதற்கு எண்ணெய் பூசக் கற்றுக்கொள்கிறார். நூல் சுற்ற, தோல் மாற்றக் கற்றுக்கொள்கிறார். நகல் வாங்குபவருக்கு ஆர்டர் போட்டால் வீட்டுக்கு வந்துவிடும். கருவி மிஞ்சும், அதைப் பராமரிக்கும் அறிவு மிஞ்சாது.

மூன்றாவது, ஏமாற்று. இன்றைய நல்ல நகல், நாலு பேர் கை மாறி, துருவும் அழுக்கும் ஏறிவிட்டால், நாளை ‘1910 மாடல், அசல்’ என்று ஏலத்துக்கு வராது என்று என்ன நிச்சயம்?

மூன்றுமே உண்மையான கவலைகள். ஆனால் எதுவும் நகலே கூடாது என்பதற்கான காரணம் ஆகாது. நகல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கான நிபந்தனைகள் அவை.

நியாயப் பிரச்சினைக்குத் தனிப் பிரிவு வைக்கலாம். அசலுக்கு ஒன்று, நகலுக்கு ஒன்று. ஏமாற்றுக்கு எளிய மருந்து இருக்கிறது: செய்தவர் பெயரும் ஆண்டும் அழியாதபடி தலையில் பதிக்கப்பட வேண்டும். அந்தக் காலத்துக் கொல்லர்கள் முத்திரை குத்தியதும் பொறுப்பை ஏற்கத்தானே? கைப்பழக்கத்துக்கும் நகல் எதிரி இல்லை. நகல் தண்டும் மரம்தான். அதற்கும் எண்ணெய் வேண்டும், அதன் தோலும் தேயும். தவிர, புதிதாக ஒரு கிளப்பைச் செய்யும் பட்டறை இருக்கும் வரைதான் பழையதைப் பழுதுபார்க்கவும் ஆள் இருக்கும். செய்யத் தெரிந்தவரே இல்லாவிட்டால் சரிசெய்ய யாரிடம் போவது?

மாறாக, அசல் மட்டுமே செல்லும் என்று விதி போட்டால் என்ன ஆகும்? நல்ல பழைய கிளப்பின் விலை ஏறும். காசு உள்ளவர்களின் பொழுதுபோக்காக மட்டும் சுருங்கும். மிச்சமிருக்கும் சில பழைய தண்டுகளும் மைதானத்தில் உடைந்து தீரும். பாரம்பரியத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி அதையே அழிப்பது இது.

இதில் இன்றைய கோல்ஃபுக்கு என்ன இருக்கு?

நிறையவே இருக்கிறது. இன்று அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் சராசரியாகக் கிட்டத்தட்ட 300 கஜம் (சுமார் 274 மீட்டர்) அடிக்கிறார்கள். அடி நீள நீள, மைதானமும் நீள வேண்டியிருக்கிறது. பாபி ஜோன்ஸ் சேர்ந்து உருவாக்கிய அகஸ்டா மைதானத்திலேயே புகழ்பெற்ற 13ஆவது குழிக்கான தூரத்தை 2023இல் 510 கஜத்தில் இருந்து 545 கஜமாக நீட்டினார்கள். நீளம் கூடினால் நிலம், தண்ணீர், பராமரிப்பு எல்லாம் கூடும். எல்லா மைதானத்துக்கும் அகஸ்டாவின் பண வசதி இல்லை.

2023 டிசம்பரில் யுஎஸ்ஜிஏவும் ஆர் அண்ட் ஏவும் சேர்ந்து, பந்து பறக்கும் தூரத்தைக் குறைக்கப் புதிய பரிசோதனை முறையை அறிவித்தன. மிக நீளமாக அடிப்பவர்களுக்கு 13 முதல் 15 கஜம் குறையும் என்பது அவற்றின் கணக்கு. ரசிகர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும் கடும் எதிர்ப்பு. ‘தூரத்தைக் குறைத்தால் ஆட்டத்தின் சுவை போய்விடும்’ என்பது முக்கியமான வாதம்.

ஹிக்கரிக்காரர்கள் ஒவ்வொரு வாரமும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வாயால் அல்ல, ஆடிக்காட்டி. எல்லோரும் மரத் தண்டுக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது நடக்கவும் நடக்காது. ஆனால் குறைந்த தூரத்திலும் ஆட்டம் ருசிக்கும், சிறிய பழைய மைதானமும் சவாலாக இருக்கும் என்பதைப் பேச்சாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கையில் ஒரு மேஷியைக் கொடுத்து 4 குழி ஆடவிட்டால் நம்புவார்கள். அத்தனை பேருக்கும் கொடுக்க அசல் கிளப் இல்லை. நகல்தான் இருக்கிறது.

சரி, எங்கே கோடு போடுவது?

அசலைப் போல நடந்துகொள்ளும் நகல் வேண்டும்; அசல் என்று நடிக்கும் நகல் வேண்டாம். மன்னிக்காத கிளப்பின் நகலும் மன்னிக்காமல்தான் இருக்க வேண்டும். சிரமத்தை எடுத்துவிட்டு மரத்தை மட்டும் வைத்தால், அது அலங்காரப் பொருள். விதி அமைப்புகளும் பட்டறைகளும் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

பழைய கிளப்பைப் பத்திரப்படுத்த அருங்காட்சியகம் போதும். பழைய ஆட்டத்தைப் பத்திரப்படுத்த ஆடுபவர்கள் வேண்டும், அவர்கள் கையில் உடைந்தாலும் பரவாயில்லை என்று நம்பி வீசக்கூடிய ஒரு கிளப் வேண்டும். நூறு வருடங்களுக்கு முன்பு, தேய்ந்துபோன கலாமிட்டி ஜேனை ஓரமாக வைத்துவிட்டு, நகலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார் பாபி ஜோன்ஸ். அவருக்கு அதில் வெட்கம் இருக்கவில்லை.